காப்பகத்திலிருந்து வந்த நாய் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, என்ன செய்வது?

ஓசூர்ப் பக்கம் உள்ள ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாட்டு நாயை ஐந்து நாளைக்கு முன்பு கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வந்த அன்று கட்டிலுக்கடியில் புகுந்தது இன்னும் வெளியே வரவில்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு தட்டை மட்டும் காலி செய்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுகிறது. கையை நீட்டினால் உறுமுகிறது. ஏழு வயது மகன் அழுகிறான். மாமியார் ‘இதற்கு ஏதோ வெறி இருக்கிறது, திருப்பி விட்டுவிடு’ என்கிறார். எதைக் கொடுத்தால் வெளியே வரும் என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில் ‘நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. இந்த நாய்க்கு எங்களைப் பிடிக்கவில்லையா, எங்கள் வீடு அதற்கு ஒத்துவரவில்லையா என்றுதான் கேட்கிறீர்கள்.

தப்பு எதுவும் நடக்கவில்லை. இரவில் தட்டு காலியாகிறது என்ற ஒரு செய்தியைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மிகவும் மிரண்டுபோன நாய் சோற்றைத் தொடாது. உங்கள் நாய் யாரும் பார்க்காத நேரம் எது என்று கணக்குப் பார்த்து, எழுந்து வந்து, தின்றுவிட்டு, பத்திரமான இடத்துக்குத் திரும்பிப் போகிறது. புத்தி தெளிவாக இருக்கிற விலங்கு செய்கிற காரியம் அது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் இருபத்தேழு ஆண்டு வேலை பார்த்தவன் நான். பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று மாறிமாறி இருந்ததில் கைப்பட்டது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். நாய்களைப் பற்றிப் படித்ததைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். நாயின் நடத்தைக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள்; நான் அவர்களில் ஒருவன் அல்ல. உங்கள் நாயை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் அனுபவத்தில் தோன்றுவது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த நாயின் இடத்திலிருந்து உங்கள் வீட்டைப் பாருங்கள். காப்பகத்தில் நாள் முழுவதும் குரைப்புச் சத்தம், சுற்றிலும் நாய் வாசனை, காலுக்குக் கீழே மண் அல்லது சிமெண்ட். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் வண்டியில் வந்து இறங்கினால் குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி, தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி. எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் தரை. நம் பக்கத்தில் கிரானைட் எளிதாகக் கிடைப்பதால் சாதாரண வீட்டிலும் கண்ணாடி போலப் பளபளக்கும் தரை போட்டிருக்கிறோம். மண்ணிலேயே நடந்து பழகிய நாய் அதில் முதல் அடி வைக்கும்போது நகம் சர்ரென்று சறுக்கும், பின்னங்கால்கள் இரண்டும் விரிந்து போகும், வயிறு தரையில் தட்டும். ஒரு முறை அப்படி விழுந்த நாய் அறைக்கு நடுவே வரவே அஞ்சும். நாம் அதை மனிதர்கள் மேல் உள்ள பயம் என்று நினைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டில் ஒரு வாரமாக மூலையை விட்டு நகராத நாயைப் பார்க்கப் போனேன். கேழ்வரகு வந்த கோணிச் சாக்குகள் நான்கைப் பிரித்து, மூலையிலிருந்து பின்வாசல் வரை ஒன்றையொன்று தொடும்படி விரிக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே அது சாக்கின் மேல் மட்டும் கால் வைத்து, ஓரம் தாண்டாமல், பாலம் கடப்பதைப் போலப் பின்வாசலுக்கு வந்தது. உங்கள் நாய்க்கும் தரைதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாக்கு விரிப்பதற்குச் செலவில்லை. இன்றே விரித்துப் பாருங்கள்.

எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். நாய்களைக் காப்பாற்றி வீடு சேர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் திகைப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று தோன்றும். நினைவில் வைத்துக்கொள்ள வசதியான கணக்கு, அவ்வளவுதான். யாரும் அளந்து கண்டுபிடித்ததில்லை. அளந்த விஷயம் ஒன்று உண்டு. காப்பகத்துக்குப் புதிதாக வந்த நாய்களின் ரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் முதல் மூன்று நாட்கள் அதிகமாக இருப்பதையும், ஒரு வாரத்துக்கு மேல் இருந்த நாய்களில் அது குறைந்திருப்பதையும் அமெரிக்காவில் 1990-களில் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அது காப்பகத்துக்குள் நுழையும் நாயைப் பற்றியது, வீட்டுக்குள் நுழையும் நாயைப் பற்றியதல்ல. இருந்தாலும் இடம் மாறுவது நாயின் உடம்பையே உலுக்குகிறது, அது அடங்க நாளாகும் என்பதற்கு அதுவே போதும். நான் பார்த்த வீடுகளில் இரண்டே நாளில் வாலாட்டிய நாயும் உண்டு, ஐந்து மாதம் எடுத்துக்கொண்ட நாயும் உண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, நாய்க்காகச் செய்கிற பலவற்றை நிறுத்துவது. கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்காதீர்கள். கொஞ்சிக் கூப்பிடாதீர்கள். உறவினர்களை அழைத்துக் காட்டாதீர்கள். சோற்றுத் தட்டையும் தண்ணீரையும் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். நாளில் இரண்டு முறை, அரைமணி நேரம், அதே அறையில் தரையில் நாய்க்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. உங்கள் குரல் எந்தக் கேடும் செய்யாத குரல் என்று அதற்குப் பழகும். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது நாய் மொழியில் மிரட்டல். தலைக்கு மேலே கை கொண்டுபோவதும் அப்படித்தான். அது தானாக வந்து முகர்ந்தால் அசையாமல் முகரவிடுங்கள். முகர்ந்ததும் தடவத் தோன்றும், தடவாதீர்கள். முகர்ந்துவிட்டு அது தன் விருப்பத்துக்கு விலகிப் போக முடிந்தால்தான் அடுத்த முறை இன்னும் சற்று நெருங்கி வரும். மூன்றாவது நான்காவது முறை வரும்போது கழுத்துக்குக் கீழே, மார்பில் தொடலாம்.

உறுமலைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். உறுமினால் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாத போதும் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, இவையெல்லாம் ‘போதும்’ என்று நாய் சொல்லும் மெல்லிய சொற்கள். யாரும் கேட்காதபோதுதான் உறுமுகிறது. உறுமலுக்கு அடி விழுந்தால் நாயின் பயம் போகாது, உறுமல் மட்டும் போகும். அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் பல் பதியும். வெளியே இழுத்துப் போட்டு ‘யார் எஜமானன் என்று காட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்ல ஊரில் ஆட்கள் இருப்பார்கள். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்வான் என்ற பழைய கருத்திலிருந்து வந்தது அது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான டேவிட் மீச் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் எழுதித் திருத்தினார். இழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் மகனை நினைத்தால் எனக்கும் மனம் இளகுகிறது. விளையாட ஒரு தோழன் வருவான் என்று காத்திருந்த பிள்ளை அவன். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் நான்கைந்து முறை அந்த அறையைக் கடந்து போகும்போது, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், ஒரு சிறு துண்டு வேகவைத்த முட்டையையோ எலும்பில்லாத கோழிக்கறியையோ கட்டில் பக்கமாகப் போட்டுவிட்டுப் போக வேண்டும். உளவாளி வேலை என்று சொன்னால் பிள்ளைகள் மிகச் சரியாகச் செய்வார்கள். கட்டிலுக்கடியில் தவழ்ந்து போகக் கூடாது, நாயைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, தின்னும்போதும் தூங்கும்போதும் அருகில் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் அவனும் நாயும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் ஒரு நாள்கூட விலக்குக் கொடுக்காதீர்கள். நாய் நல்ல நாயா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாய் என்பதால் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. பாலக்கோட்டில் இருந்தபோது, எல்லையோரத்திலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட நாய் ஒன்றை ஒரு குடும்பம் எடுத்து வளர்த்தது. எவ்வளவு ‘வா வா’ என்றாலும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கும். ஒரு நாள் தக்காளி ஏற்ற வந்த தெலுங்கு பேசும் லாரி ஓட்டுநர் கிளீனரை ‘ரா’ என்று கூப்பிட்டார். நாயின் இரண்டு காதும் ஒருசேரத் திரும்பின. எழுந்து வாசல் வரை வந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்பு இருந்த வீட்டின் மொழி அது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குகின்றன. உங்கள் நாய் தெருவிலேயே பிறந்ததாக இருந்தால் இதனால் பயனில்லை. யாராவது வளர்த்து விட்டதாக இருந்தால் தெலுங்கில் ‘ரா’, கன்னடத்தில் ‘பா’ என்று ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், காது திரும்புகிறதா என்று.

உணவில் இப்போது புதுமை வேண்டாம். காப்பகத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, முதல் வாரம் அதையே கொடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் களியும் மோரும் தின்று வளர்ந்தவைதான்; கேழ்வரகுக் களியில் கெடுதல் இல்லை, கூட முட்டையோ கறியோ சேர வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், அதனால் சாம்பார் சாதம் கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நீலம் மாம்பழம் இன்னும் சந்தையில் வந்துகொண்டிருக்கிறது. மாங்கொட்டையை நாய்க்கு எட்டும்படி போடாதீர்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் அப்படி ஒரு நாயாவது வந்துவிடும்; எல்லாவற்றையும் பிழைக்க வைக்க முடிந்ததில்லை.

பயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் நோயாக இருக்கும். இங்கேதான் எழுத்தில் படித்து முடிவு சொல்ல என்னால் முடியாது. வாயைப் பிடித்துத் திறந்து பார்க்கும் வேலை இப்போது வேண்டாம். கொட்டாவி விடும்போது ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து கவனியுங்கள். மலத்தையும் சிறுநீரையும் தினமும் பாருங்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தொடாவிட்டாலோ, வாந்தி, ரத்தம் கலந்த பேதி, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர், வெளுத்த ஈறு இவற்றில் ஒன்று தெரிந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். மனிதர்களைப் பார்த்து ஒடுங்கிப் படுத்திருக்கிறது என்று கொண்டுவந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனையில் அது தெரியவந்ததுண்டு. உண்ணி இருந்தால் மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தை அளவு தெரியாமல் பூசாதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். காய்ச்சலுக்கு நம் வீட்டு மாத்திரைகள் எதுவும் கூடாது. இதெல்லாம் இல்லாமல் தின்று, குடித்து, மலம் ஒழுங்காகப் போகிறது என்றால், பொதுப் பரிசோதனையையும் குடற்புழு மருந்தையும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

மாமியாரின் பயத்தை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். வெறிநாய்க்கடியால் போன உயிர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர்களுடையது. அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெறிநோய் வெளிப்பட்ட நாய் நாளுக்கு நாள் மோசமாகும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், குரல் மாறும், கால் தள்ளாடும், பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். ஒளிந்துகொண்டு, அமைதியாக இருந்து, இரவில் நன்றாகத் தின்று தண்ணீர் குடிக்கிற நாயின் படம் அது அல்ல. ஆனால் அந்த நோய் உடம்புக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்க முடியும். அதனால் வாய்ச் சமாதானம் போதாது, தடுப்பூசிச் சான்று வேண்டும். காப்பகத்தில் தேதியோடு கேட்டு வாங்குங்கள். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆகி, அப்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்று பொருள்; அது எந்த ஆண்டு என்பதைக் காது சொல்லாது. சான்று இல்லையென்றால் இந்த ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரை வீட்டுக்கே அழைத்து இந்த வாரமே போட்டுவிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும். தசையில் போடும் முறையென்றால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தையும் கேளுங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். அது முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

கடிப்பதைவிட நான் அதிகம் அஞ்சுவது, அது ஓடிப்போவதற்கு. புது வீட்டில் முதல் சில வாரங்களில் திறந்த கேட் ஒன்று போதும். கிருஷ்ணகிரியில் எந்தத் தெருவிலிருந்து ஓடினாலும் சற்று நேரத்தில் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில்தான் போய் நிற்கும். இது ஆடி மாதம். அம்மன் கோயில்களில் ஒலிபெருக்கியும் வெடியும் எந்த நேரம் தொடங்கும் என்று சொல்ல முடியாது. தை மாதம் எருது விடும் விழாக்கள் வரும்போது கூட்டமும் சத்தமும் இன்னும் கூடும். அறைக் கதவு, வீட்டுக் கதவு, கேட் மூன்றில் குறைந்தது இரண்டு எப்போதும் சாத்தியிருக்கட்டும். வெளியே அழைத்துப் போகும் நாள் வரும்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் இரண்டும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு பிடியுங்கள். உங்கள் கைப்பேசி எண் எழுதிய வில்லையைப் பட்டையில் மாட்டுங்கள். மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், கூட்டமாகத் தேடாதீர்கள். அது படுத்திருந்த சாக்கையும் சோற்றையும் கேட்டுக்கு உள்ளே வைத்து, கேட்டைத் திறந்து வைத்து, இரவில் ஓசையின்றி ஒருவர் மட்டும் காத்திருங்கள். தெரு அடங்கிய பிறகு வாசனை பிடித்துத் திரும்பி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் திட்டாமல் துடைத்துவிடுங்கள். தெளிந்த பிறகு, சாப்பிட்டு எழுந்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போனால் பழகிவிடும். சங்கிலியில் கட்டி வாசலில் போட்டால் பயம் தெளியாது, ஓடவும் முடியாத பயமாக மாறும்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். நீங்கள் ஒதுங்கி இருந்தும் அது தேடி வந்து பிள்ளை மேல் பாய்ந்தால், அந்த வீடும் அந்த நாயும் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்வதில் குற்றமில்லை. கொண்டுவந்த காப்பகத்திலேயே, நடந்ததை மறைக்காமல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சாலையோரத்தில் இறக்கிவிடுவது, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நீங்கள் எழுதியதில் பாய்ந்ததற்கான அறிகுறி ஒன்றும் இல்லை. கையை நீட்டியபோது உறுமியது, கையை எடுத்ததும் நிறுத்தியது என்றுதான் இருக்கிறது.

உங்கள் மாமியாரைப் பற்றி இன்னொரு யோசனை. நாயை விரும்பாதவர், அதனால் அதன் பக்கம் பார்ப்பதே இல்லை, அல்லவா? மிரண்ட நாய்கள் பலமுறை அப்படிப்பட்டவரைத்தான் முதலில் தேடிப் போகின்றன. காவேரிப்பட்டணத்தில் சாக்குப் பாலம் கடந்து வந்ததே, அந்த நாய் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, பின்வாசல் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்கு இரண்டு முழம் தள்ளிப் போய்ப் படுத்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு முழம் ஒரு முழமாகியிருந்தது. உங்கள் மாமியாருக்கு மறுப்பில்லை என்றால், மாலையில் அந்த அறையில் உட்கார்ந்து கீரை ஆயட்டும். நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

இன்று இரவு சாக்கை விரித்து, தட்டைக் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். காலையில் தட்டு காலியாக இருந்ததா, மலம் எப்படி இருந்தது, தடுப்பூசிச் சான்று கிடைத்ததா என்று எழுதுங்கள். அடுத்தது என்ன என்று பார்க்கலாம்.